பவளத்தடியில் வைத்த தகடு

செட்டியார்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

சிவரஞ்சனி எழுதுவது. நானும் உங்கள் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதினால் பதில் வர எத்தனை நாளாகுமோ தெரியவில்லை. "மேல் போஸ்ட்டுக்குப் போறோம், இனி டவர் கிடைக்காது" என்று நீங்கள் சொன்னதுதான் கடைசி. அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போனை வாசல்படியில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். பட்டாளத்தில் உங்கள் யூனிட்டிலேயே இருக்கிறவர் மனைவி என்று ஸ்ரீவில்லிபுத்தூர் நாகஜோதி அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். அங்கும் போன் வரவில்லையாம். "ரெண்டு பேருக்கும் வரலைன்னா கவலை இல்ல ரஞ்சனி. ஒருத்திக்கு வந்து ஒருத்திக்கு வரலைன்னாத்தான் யோசிக்கணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடல்மீன் தொட்டியைப் பற்றி ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. மறைக்க மனமில்லை.

கல்யாண லீவு முடிந்து கிளம்புகிற அன்று பின்கண்ணாடியில் பசை வைத்து ஒரு பவளத் துண்டை ஒட்டினீர்களே, என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. போன மாதம் அது இரண்டு கையையும் சேர்த்து வைத்தாலும் மூட முடியாத அளவுக்குப் படர்ந்துவிட்டது. ஊதா நிறத் தோல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். அதன் மேல் பச்சை மொட்டுகள் விரிந்து நாற்றங்கால் மாதிரி ஆடும். "நான் வர்றதுக்குள்ள பின்சுவர் பூராவும் பச்சையா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இப்போது ஒரு மொட்டுகூட விரியவில்லை. எல்லாம் உள்ளே சுருங்கி, வெறும் ஊதாத் தோல்தான் தெரிகிறது. கீழ் ஓரம் சாம்பல் நிறமாகிக் கரைகிறது.

நீங்கள் சொன்னதில் எதையும் நான் மாற்றவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன். பின்கண்ணாடியில் பாசி படிந்தால் கத்தி வைக்காமல் பிரஷ்ஷால்தான் துடைக்கிறேன். கரண்ட் போனால் அலை மோட்டாரை இன்வெர்ட்டரில் மாட்டிவிடுகிறேன், ஃபேனை நிறுத்திவிட்டு. அப்படியும் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து செத்துவிட்டன. ஆனால் ஆரஞ்சு மீன்கள் இரண்டும் ஒன்றும் நடக்காத மாதிரி தீனிக்கு முட்டிக்கொள்கின்றன. அதுதான் எனக்குப் புரியவில்லை.

அத்தையின் போக்கும் புரியவில்லை. முன்பெல்லாம், "காலேஜ் படிச்ச வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? வாயத் தொறந்து பேசேன் ஏட்டி" என்று நாளுக்கொரு தடவை கேலி செய்வார். இப்போது கேலியே இல்லை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டும் என்று என் மார்க்ஷீட்டைக் கேட்டு வாங்கினார். மறுநாள் தனியாக மகாராஜபுரம் போய்வந்தார். யாரைப் பார்க்க என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமையானால் தொட்டிக்கு முன்னால் நின்று கும்பிடுகிறார். நான் அந்தப் பக்கம் வந்தால் மீனுக்குத் தீனி போடுகிற மாதிரி கையை ஆட்டுகிறார். ராத்திரி சாப்பாட்டில் பெரிய மீன் துண்டை எனக்கு வைக்கிறார். கேலி செய்தபோதுகூட இவ்வளவு பயம் இருந்ததில்லை.

பவளத்தை எப்படியாவது பிழைக்க வைக்கப் பார்க்கிறேன். என் மேல் கோபப்பட வேண்டாம். கோபம் வந்தாலும் சரி, ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சிவரஞ்சனி.


செட்டியார்பட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

போன கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன். நேற்று நடந்ததை உங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காலையில் அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். ராஜபாளையத்தில் மீன் கடை வைத்திருக்கும் ஐயாதுரை அண்ணனுக்குப் போன் செய்து, நத்தை செத்ததையும் மீன் நன்றாக இருப்பதையும் சொன்னேன். "செம்பு ஏதும் தண்ணிக்குள்ள போயிருச்சாம்மா? மீனு கொஞ்சம் தாங்கும். நத்தையும் பவளமும் தாங்காது" என்றார். கெமிஸ்ட்ரி படித்த எனக்கு அது தோன்றவில்லை. நம் வீட்டுத் தொட்டியில் செம்பு எப்படி வரும் என்ற நினைப்புதான்.

வயர், மோட்டார் எல்லாம் பார்த்தேன். கடைசியில் கையை விட்டுப் பின்சுவருக்கும் கல்லுக்கும் நடுவே தடவினேன். சிவப்பு நூல் சுற்றிய ஒரு செம்புத் தகடு வந்தது. உள்ளங்கை அகலம். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கட்டம் போட்டு எண்கள். கட்டத்துக்குக் கீழே ஆணியால் கீறிய மாதிரி என் பெயர்.

உங்கள் பெயர் இல்லை, மாமா. என் பெயர்.

மார்க்ஷீட்டும் மகாராஜபுரமும் செவ்வாய்க்கிழமையும் அந்த நிமிஷம் ஒன்றோடொன்று சேர்ந்தன. மார்க்ஷீட்டில் இருந்த பிறந்த தேதியை வைத்து அத்தை மகாராஜபுரத்தில் எனக்கு ஜாதகம் எழுதி வாங்கியிருக்கிறார். எனக்குச் செவ்வாய் தோஷம், அது புருஷனுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருக்க வேண்டும். தகட்டைத் துண்டில் சுற்றி ஜன்னலில் வைத்தேன்.

அப்போதுதான் நாகஜோதி அக்கா போன் செய்தார். அவர் வீட்டுக்காரர் கீழே இறங்கிவிட்டாராம், ஒரு நிமிஷம் பேசினாராம். உங்களைக் கேட்டதற்கு, உங்கள் குழு இன்னும் மேலேதான் இருக்கிறது, பனி விழுவதால் அங்கிருந்து செய்தி வரவில்லை என்றாராம். "பயப்படாத ரஞ்சனி" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

போனை வைக்கிறேன், அத்தை வாசலில் நிற்கிறார். என் முகத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு எடுத்த?" என்றார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "போன்ல யாரு?" நாகஜோதி அக்கா சொன்னதைச் சொன்னேன். அத்தைக்கு உதடு வெளுத்துவிட்டது. "எடுத்த அன்னைக்கே சேதி வருது பாத்தியா!" என்று தகட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

மாமா, எனக்கும் ஒரு நிமிஷம் அவர் போடட்டும் என்றுதான் இருந்தது. பவளம் போனால் போகட்டும், நத்தை போனால் போகட்டும், தகடு உள்ளேயே கிடக்கட்டும், நீங்கள் இறங்கி வந்தால் போதும் என்று. ஆனால் அதை உள்ளே போட விட்டால், உங்கள் உயிருக்கு நான்தான் ஆபத்து என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அத்தையின் கையைப் பிடித்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் கையை நானாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"அத்தை, அது என் தேதி இல்லை" என்றேன்.

என்னை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது அம்மாவிடம் பிறந்த தேதி கேட்டார்களாம். பருத்தி எடுக்கப் போன இடத்தில் வலி வந்தது, அன்றைக்கு மழை பெய்தது, அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும். ஹெட்மாஸ்டரே ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். ஜாதகம் இல்லாததால்தானே நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் சன்னதியில், வெள்ளை வந்தால் சம்மதம் என்று பூக்கட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒரே மூச்சில் இவ்வளவும் பேசினேன். எனக்கே ஆச்சரியம்.

அத்தை தகட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப இம்புட்டு நாளும் ஹெட்மாஸ்டரு தோஷத்துக்கா நான் விரதம் இருந்தேன்?" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்தார்.

பிறகுதான் சொன்னார். ஜோசியர் எனக்குப் பவள மோதிரம் போடச் சொன்னாராம். "செவ்வாய்க்குப் பவளமும் செம்பும்னாரு. உசுரோட பவளமே எங்க வீட்டுச் செவுத்துல படருதேன்னேன். அப்ப மோதிரம் எதுக்கு, தகட்ட அதுக்கடியில வைன்னுட்டாரு. ஒங்கிட்டச் சொன்னா நீ நொந்து போவ. அதான் சொல்லல. வெளியிலயும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல." பெரிய மீன் துண்டு வந்தது அந்தப் பரிதாபத்தில்தான் என்று அப்போது புரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்குத் தோஷம் இல்லைன்னா அப்ப எம் மவன் ஏன்ட்டி இன்னும் பேசல?" என்று கேட்டார்.

தகட்டை வெளியே எறிய அவருக்கு மனம் வரவில்லை. எறியச் சொல்ல எனக்கும் வரவில்லை. துடைத்து, தொட்டிக்குப் பின்னால், பவளம் படர்ந்திருக்கும் இடத்துக்கு நேராகக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினோம். உள்ளே பவளம், வெளியே தகடு. "ஜோசியர் அடியிலன்னாரு, பின்னாலன்னு சொல்லலையே" என்று அத்தைக்கு ஒரு சந்தேகம். பின்னால் இருந்தால்தான் பலம் என்றேன். எனக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று தெரியாது.

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டேன். ஐயாதுரை அண்ணன் செம்பை இழுக்கிற கரி கொடுத்தனுப்பினார். வாளி தூக்க அத்தையும் வந்தார். கீழ்ப்பகுதி பிழைக்காது. மேல் ஓரத்தில் இன்று காலையில் சில பச்சை முனைகள் ஊசி மாதிரி நீட்டிப் பார்த்தன. விளக்கைப் போட்டதும் உள்ளே போய்விட்டன. விரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

இதை எழுதுவதற்கு முன் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கண்ணாடி வேர்த்து, டேப்பின் ஒரு மூலை விட்டிருந்தது. அத்தை பார்க்கவில்லை. நான் அதை நன்றாக அழுத்தி, மேலே இன்னொரு டேப் ஒட்டிவிட்டு வந்தேன். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்கிற சத்தம் இங்கே கேட்டால் போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கீழே இறங்கியதும் முதல் போனை அத்தைக்குப் போடுங்கள். எனக்கு அப்புறம் போடலாம். அவர் பேசுகிற குரலை வைத்தே நான் தெரிந்துகொள்வேன். தகட்டைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம்.

மலைப் பெருமாள் நமக்கு எடுத்துக் கொடுத்த பூ வெள்ளைப் பூ. அவர் உங்களைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவருவார்.

என்றும் உங்கள்,
சிவரஞ்சனி.