குட்டனின் நெஞ்சுத் துடிப்பு

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்தே மழை. வழக்காட நெய்யாற்றின்கரை நீதிமன்றத்துக்குப் போகவில்லை. குட்டன் கூண்டுக்குள் கம்பிலிருந்து விழுந்தான். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. பல ஆண்டுகளாக எங்களிடம். வளர்ப்பதற்கு உரிய பதிவு உண்டு. விழுந்ததை நான் பார்க்கவில்லை, ஓசை மட்டும் கேட்டேன். என் மனைவி ஜெயா பார்த்தாள். அவள் கூற்று: "கண்ண மூடினான், அப்பிடியே சரிஞ்சான்." சற்று நேரத்தில் தானே எழுந்தான். மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குகிறது. இது முன்பே இருந்ததா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

கேட் திறந்தால் "ஆராக்கும்?" என்று கேட்பவன். பால்காரர் வந்தபோது கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

திருவனந்தபுரம். பறவை மருத்துவர், இளம்பெண். கூண்டைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தபடி நின்றார். பிறகு துணியில் பொதிந்தெடுத்து ஸ்டெதாஸ்கோப் வைத்தார். இதயம் என்று சந்தேகம்.

எந்த அளவுக்குச் சந்தேகம் என்று கேட்டேன்.

"சாறே, கையில எடுத்தாலே இவனுக்க நெஞ்சு ஓடும். நான் கேக்கது நோயா பயமான்னு எனக்கே தெரியாது."

எக்ஸ்ரேக்கு அசையாமல் கிடக்க வேண்டும். அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும். இதயம் கெட்டிருந்தால் மயக்கத்திலிருந்து மீளாமலும் போகலாம். அதாவது, நோய் உண்டு என்றால் அதைத் தேடுவதே ஆபத்து.

தீனி பற்றிக் கேட்டார். சூரியகாந்தி விதை, தேங்காய்த் துண்டு, மாலையில் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல். குறித்துக்கொண்டார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சம்மதப் படிவத்தை இருமுறை வாசித்தேன். வியாழன் வரை அவகாசம் கேட்டேன்.

திரும்பும் வழியில், காரில், பாறசாலை வந்தபின் ஜெயா: "கிளிக்கும் வாய்தா வாங்கியாச்சு, இல்லியா?"

ஜூன் 12, வியாழன்

மழை விட்டது. கையொப்பமிடத் தீர்மானித்தே போனேன். மருத்துவர் வாலை மட்டும் பார்த்தார்.

"இண்ணைக்கு மயக்கம் தாங்காது சாறே. செவ்வாக்கெழமன்னா செய்திருப்பேன்."

இனிப் பரிசோதனை இல்லை. இதய மருந்தைச் சொட்டு சொட்டாகக் கொடுத்துப் பார்ப்பது. தேறினால், நோய் இதயத்தில் இருந்திருக்கலாம். தேறாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. முதலில் தீர்ப்பு, பிறகு சாட்சியம். ஆட்சேபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. மருந்துக்கும் ஒரு கையொப்பம் கேட்டார்கள், வாசிக்காமல் போட்டேன்.

வீட்டில் ஜெயா, சொட்டுக்குழாயுடன்: "வாயத் தொற மக்கா. அப்பா கையெழுத்துப் போட்டாச்சு."

ஜூன் 14, சனி

மேகமூட்டம். மருந்தில் பாதி உள்ளே, பாதி ஜெயாவின் சேலையில். வாலின் அசைவு குறைந்திருப்பதாக அவள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உப்பேரி டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றியிருக்கிறாள்.

மாலை, அவள் சமையலறையில். நான் வெளியே போய்க் கேட்டைத் திறந்து மூடினேன். கூண்டிலிருந்து சத்தமில்லை. தாழ்ப்பாளின் ஒலி எட்டாதிருந்திருக்கலாம். மறுபடியும், சற்று ஓங்கி.

"ஆராக்கும்?"

சமையலறையிலிருந்து ஜெயாவின் குரல்.