சிறுமலையில் காணாமல் போன மியூவான் பெட்டி

சாணார்பட்டி,
8.11.2009

அன்புள்ள ஸ்டான்லி அண்ணனுக்கு,

தீபா வணக்கத்துடன் எழுதுவது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நல்ல மழை. அப்பா தக்காளி நட்டிருக்கிறார். அம்மா இப்போது ஒரு வேளையாவது சாப்பிடுகிறார்கள்.

முகேஷ் அண்ணன் காரியத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

போன வாரம் பிரவுசிங் சென்டரில் நீங்களும் அண்ணனும் மலையில் ஒளித்த பெட்டிக்கான இணையப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டியைக் காணவில்லை என்று யாரோ பெங்களூர்க்காரர் போட்ட குறிப்பு இன்னும் இருக்கிறது. வைத்தவர்கள் பதில் தராவிட்டால் மாதக் கடைசியில் பக்கத்தையே எடுத்துவிடுவார்களாம். அண்ணன் எழுதிய புதிர் அதில்தானே இருக்கிறது? அதனால் நானே தேடப் புறப்பட்டேன்.

மலையில் பெட்டியை ஒளித்து, இணையத்தில் புதிர் போட்டு, ஜி.பி.எஸ். கருவியோடு தேட வைக்கும் விளையாட்டு என்று அப்பாவுக்கு விளக்கினேன். "ஒளிச்சு வச்சுட்டு நீங்களே தேடவும் சொல்லுவீகளா? வெவரங்கெட்ட வெளையாட்டால்ல இருக்கு" என்றார். ஆனாலும் கூட வந்தார்.

மியூவான் என்னும் துகள் வானத்தில் உயரத்தில் பிறந்து, பல சமயம் இறங்கும் வழியிலேயே சிதைந்துவிடும் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். அதன் ஆயுள் எவ்வளவு என்ற எண்ணைப் புதிரில் சேர்த்ததும் இடம் கிடைத்தது. அண்ணனின் கருவி கண்ணாடி உடைந்தும் வேலை செய்கிறது. மலைப் பேருந்து, அண்ணன் வண்டி கவிழ்ந்த அந்த வளைவில் திரும்பியபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும் வெளியே பார்க்கவில்லை.

செங்குத்தான பாறையில் கையும் காலும் சிராய்க்க ஏறினோம். இடுக்கில் பெட்டி இல்லை. கீழே வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் மூக்காயி அக்காதான் சொன்னார். கோடையிலேயே அதைத் திறந்து பார்த்தாராம். நீங்கள் துகள்களின் கிரேக்க எழுத்தைப் பொறித்து வைத்தீர்களே, அந்தச் செப்புத் தகடுகள்! "கொக்கி கொக்கியா எழுத்து தாயி. எவனோ செய்வினை வச்சுட்டான்னு நெனச்சேன். ஓடையில விட்டுட்டு மஞ்சத்தண்ணி தெளிச்சேன்" என்றார்.

அப்படியானால் ஆவணியில் அண்ணன் தேடிப் போனபோது அது அங்கே இல்லவே இல்லை.

அப்பா பாறை இடுக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பிள்ளைக நடமாடுற எடம். நீ செஞ்சது சரிதான் தாயி" என்று அந்த அக்காவிடம் சொன்னார்.

நீங்கள் போய்ப் பார்க்கச் சொன்னதால்தான் அண்ணன் வண்டியை எடுத்தார் என்று சொந்தக்காரர்கள் பேசியது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அம்மா அப்படிப் பேசவில்லை. "ஸ்டான்லி சொல்லாட்டியும் போயிருப்பான். மலைன்னா அவனுக்கு அம்புட்டு ஆசை" என்றுதான் சொல்கிறார்கள்.

புதுப் பெட்டிக்கு எவர்சில்வர் டப்பா எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை மூக்காயி அக்காவிடம் சொல்லிவிட்டே வைப்பேன். ஆனால் தளத்தில் நீங்கள்தான் பதில் எழுத முடியும். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். பக்கத்தை எடுக்க விடாதீர்கள் அண்ணா.

எனக்கு எழுதாவிட்டாலும் அம்மாவுக்கு எழுதுங்கள். லீவில் வந்தால் முதல் சாப்பாடு இங்கேதானாம். கர்த்தர் உங்களைக் காக்கட்டும் என்றும் எழுதச் சொன்னார்கள். உங்கள் சாமி பேரைச் சொல்லியே எழுதச் சொன்னார்கள்.

உங்கள் தங்கை,
த. தீபா