எண்ணாத மூச்சு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

வார்டில் ஒன்று நடந்தது, பதறாதே. என்னை "வாயாடி நர்ஸ்" என்று கூப்பிடும் தையல்காரர் ஒருவர் இருந்தார். செவ்வாய் காலை "குளிருதும்மா" என்றார். காய்ச்சல் இல்லையே என்று போர்வையைப் போர்த்திவிட்டு, மூச்சை எண்ணாமலே வழக்கம்போல் பதினெட்டு என்று எழுதிவிட்டேன். மதியம், "ஊர்லேருந்து எப்பம்மா வந்தே?" என்று தன் மகளென நினைத்து என்னைக் கேட்டார். நினைவு தடுமாறுகிறதே என்று அப்போதுதான் மூச்சை எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. கிருமி இரத்தத்தில் கலந்து செப்சிஸ் முற்றியிருந்தது. ஓடியோடி மருந்து ஏற்றினோம்; மாலையில் போய்விட்டார்.

"காலையில பதினெட்டுதானே இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்பாவின் கைக்கடிகாரத்தை அனுப்பி வை. மூச்சை எண்ண என்னிடம் கடிகாரம் இல்லாமல் இல்லை. பொய் பொறுக்காத அவர் கட்டியதைக் கட்டிக்கொண்டால் எண்ணாமல் எழுதக் கை வராது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்