சாணைப் பொறியும் நீ அனுப்பிய நட்சத்திரமும்

என் செல்ல மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து துரைக்குக் கால் தரையில் படவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், திட்டாதே. ஒரு வருஷமாக எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. பயத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை, அம்மாவிடம்கூடக் கை வலி என்று கதைவிட்டு அவளையே கடிதம் எழுத வைத்தேன். கிடங்கில் பழைய இரும்பைப் பிரிப்பதுதானே என் பிழைப்பு, காந்தம் எல்லாவற்றிலும் ஒட்டும், சாணையில் பிடித்துப் பொறியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், சாதா இரும்பு நீளக் கோடாக ஓடும், கடின எஃகு பூப்பூவாகச் சிதறும். எனக்கோ எல்லாம் ஒரே மஞ்சள் மூட்டம். குத்துமதிப்பாகப் பிரித்துப் போட்டேன், உருக்காலையிலிருந்து லாரியையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி திட்டியிருந்தால்கூடத் தேவலை, "கண்ணு தெரியலைன்னா சொல்லக் கூடாதாண்ணே" என்று மட்டும் கேட்டார், வெட்கத்தில் செத்தே போனேன். அம்மா அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வலது கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சரி என்ற பிறகு முந்தாநாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு சாணையில் ஒரு துண்டைப் பிடித்தேன், அப்பப்பா, ஒவ்வொரு பொறியும் கிளை பிரிவது தெரிந்தது. உடனே உன் ஞாபகம்தான். வெடித்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்து, இதில் இரும்பு, இதில் கால்சியம் என்று நீ சொல்வதும் என் வேலைதான், என்ன, உன் கிடங்கு கொஞ்சம் பெரிசு. நீ முதன்முதலாக எடுத்த படத்தை அனுப்பி, "அப்பா, இப்படி வெடிக்கறப்பதான் இரும்பு உண்டாகுது, உங்க கிடங்குல கிடக்கறதும் நம்ம ரத்தத்துல ஓடறதும் எப்பவோ இப்படிச் சிதறினதுதான்" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். நான் "நன்றாக இருக்கிறது" என்று இரண்டே வார்த்தையில் முடித்தேன். அப்பாவுக்கு நம் வேலை ஒரு பொருட்டில்லை என்று நினைத்துப் படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டாய். அப்படி இல்லை கண்ணு, அப்போது புரை மறைத்து எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. நேற்று அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நடுவில் இருட்டு, சுற்றிலும் நூல் நூலாகச் சிவப்பு, ஓரத்தில் பச்சையாக ஒரு கீற்று. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, "கண்ணுல தண்ணி வருதே" என்று அம்மா சொட்டு மருந்தோடு வந்துவிட்டாள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம், இப்போது பயமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே, அந்தப் புத்தி மட்டும் என்னிடமிருந்து வர வேண்டாம். என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அனுப்பாமல் வைத்திருக்கும் படங்களை எல்லாம் அனுப்பு, இந்த முறை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதும்
உன் அப்பா