சேந்தமங்கலத்துப் பெட்டிக்குப் போகாத கடிதங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் சர்வரை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவன் உங்கள் மகன் செந்தில். நீங்கள் போன மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஃபேன் போட பிளக் வேண்டுமென்று, உங்கள் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினான். கூட்டம் கலைந்த பிறகு திரும்பச் சொருகியிருக்கலாம். சாக்கில் சுற்றி அட்டாலிப் பரணில் பழைய அண்டாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. உங்கள் மனைவியை, என் தங்கை சரசுவைக்கூடக் கேட்கவில்லை.

நாலு பேர் படிக்கும்படியே இதை எழுதுகிறேன். அவன் இப்போது என் போனை எடுப்பதில்லை.

நீங்கள் பள்ளி ஆய்வக வேலையிலிருந்து ஓய்வு பெற்றீர்கள். நான் லாரிப் பட்டறையில் ஒயரிங் வேலையை விட்டேன். தினமும் பார்க்கிற மெயில் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் சாகக் கூடாது என்று ஆரம்பித்தவர் நீங்கள்தான். சேந்தமங்கலத்தில் உங்கள் வீட்டில் மெயில் வாங்கி அனுப்பும் பெட்டியாக ஒரு சர்வர், நாமக்கல்லில் என் வீட்டில் ஒன்று. சொல்லித்தர ஆளில்லை. நீங்கள் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் பக்கங்களைப் படித்துச் சொல்வீர்கள். நான் லாரியில் எரியாத விளக்குக்கு ஒயர் ஒயராகத் தேடுவதுபோலத் தேடுவேன். முதல் கடிதம் உங்களுக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. "வந்துருச்சுங்களா மாப்ள?" என்று நான் போனில் கத்துவேன். "இல்லீங்க மச்சான், நடந்து வருதாட்டம் இருக்குது" என்பீர்கள்.

வெளியே அனுப்பிய கடிதங்களைப் பெரிய மெயில் கம்பெனிகள் குப்பையில் போட்டன. வீட்டு இணைப்பிலிருந்து வருகிறது என்பது மட்டுமே அவற்றின் குற்றம். எனக்கு அன்றைக்கும் கோபம்தான். நீங்கள் சிரித்தீர்கள். இப்போது கோபம் மட்டும் மிச்சமிருக்கிறது.

பழகுவதற்குக் கடிதம் வேண்டுமே என்று சரசுவைப் பிடித்தீர்கள். உங்கள் பெட்டியிலேயே அவளுக்கும் முகவரி கொடுத்தால் கடிதம் வீட்டைத் தாண்டாது என்று என் பெட்டியில் ஒன்று போட்டுக் கொடுக்கச் சொன்னீர்கள். அதற்கப்புறம் அவள் அடுப்படியில் நின்று போனில் எழுதியதெல்லாம் நாமக்கல் வந்து, சேந்தமங்கலம் திரும்பி, முன்னறையில் உட்கார்ந்திருந்த உங்களுக்குக் கிடைத்தது. "கூப்புட்டா காது கேக்காதுங்களா இந்த மனுசனுக்கு?" என்று திட்டிக்கொண்டே எழுதினாள். ஒரு நாளும் விட்டதில்லை.

இன்னும் விடவில்லை, மாப்பிள்ளை.

ஒரு நாள் காலையில் என் சர்வரைப் பார்க்கும்போது, போகாமல் நிற்கும் கடிதங்களின் வரிசையில் அவள் பெயர் இருந்தது. உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அணைந்துபோன உங்கள் பெட்டியை என் பெட்டி தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து நாள் தட்டும், திறக்காவிட்டால் எழுதியவருக்கே திருப்பிவிடும். பழகும்போது நான்தான் அதை அப்படியே விட்டுவைத்தேன். அந்தத் தப்பு என்னுடையது. நான் பார்த்து நிறுத்துவதற்குள் முதல் கடிதம் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் சரசு பஸ் ஏறி வந்தாள். போனை நீட்டினாள்.

"ஏனுங்கண்ணா, இங்கிலீஷ்ல என்னமோ வந்திருக்குது. என்னன்னு பாருங்க."

உங்கள் முகவரிக்குச் சேர்க்க முடியவில்லை, இனி முயற்சி செய்யப்போவதில்லை என்று என் சர்வர் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதிய ஒரே வரி: "சாப்பிட வாங்க, ஆறிப்போவுது."

அதைத் தமிழில் சொன்னேன். அவள் சொன்னாள்: "போயிட்டாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? என்னைய பைத்தியம்னு நெனச்சுப்போடாதீங்க. அவரு பொட்டியில போயி விழுந்தாப் போதும்ண்ணா. படிக்கவா கேட்டேன்?"

அன்றைக்கே செந்திலைக் கூப்பிட்டேன். "அப்பாவே இல்லீங்க மாமா, பொட்டி மட்டும் எதுக்கு? சும்மாவே ஆயிரம் மெயில் கெடைக்குது. அம்மாவுக்கு நானே ஒண்ணு போட்டுக் குடுக்கறேன். அத இரும்புக் கடைக்குப் போட்டர்லாம்னு இருக்கறேன்" என்றான். அவளுக்கு முகவரியா இல்லை? அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவள் கடிதம் போய்ச் சேர வேண்டிய இடத்தையல்லவா அவன் மூட்டை கட்டி வைத்திருக்கிறான்? உங்கள் செருப்பை இன்னும் வாசலில் விட்டிருக்கிறானே, அது மட்டும் எதற்காம்?

ஐந்து நாளை நூறு நாளாக மாற்றிவிட்டேன். இன்று காலை வரிசையில் பதினேழு கடிதங்கள் நின்றன. ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். ஆனால் நூறு நாளும் ஒரு நாள் முடியும்.

ஆகவே இவை நடக்க வேண்டும். செந்தில் அட்டாலியில் ஏறி அந்தச் சாக்கை இறக்க வேண்டும். தூசி துடைக்கிறேன் என்று உள்ளே கை வைக்கக் கூடாது. உங்கள் மேசைக்கடியில் அதே பிளக்கில் அவனே சொருக வேண்டும், பிடுங்கிய கையே சொருக வேண்டும். ஃபேனுக்கு வேறு பிளக் வைக்க நான் வருகிறேன், அது என் தொழில். உங்கள் மருமகள் டிவிக்கு எடுத்துக்கொண்ட யூபிஎஸ்ஸைத் திருப்பி வைக்க வேண்டும். இன்டர்நெட் இணைப்புக்காரன் உங்கள் பெட்டியின் விலாசமாகக் கொடுத்த மாறாத எண்ணை யாரும் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கக் கூடாது. இரும்புக் கடைக்காரன் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. சரசு என்ன எழுதினாலும் அவளைக் கேலி செய்யாமல் விட வேண்டும், அது பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

நான் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் பெட்டி கண் விழிக்கிற வரைக்கும் என் பெட்டியை அணைக்காமல் தட்டிக்கொண்டே இருக்க வைப்பேன். அது விழித்தால் எல்லாம் தானாகவே வரிசையாக உங்கள் முன்னறைக்கு வந்து சேரும். நூறு நாள் முடிந்தால் மறுபடி வரிசையில் நிறுத்துவேன்; இனி ஒரு கடிதத்தையும் அவளுக்குத் திருப்பி அனுப்பமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சரசுவின் அண்ணன்,
உங்கள் மச்சான்,
நாமக்கல்.