கிளாத்திக்கு வகுத்த விதிகள்

3 பிப்ரவரி 2071, செவ்வாய்க்கிழமை. காலை 6.10

மன்னார் வளைகுடா ஆழ்நிலையம், தொண்ணூறு மீட்டர் ஆழம். காற்றழுத்தம் சீர். தொட்டி நீரின் உப்பளவு சரி; வெப்பம் இருபத்தாறு பாகை.

இக்குறிப்பைக் கண்டெடுப்பவர் அறிய: எழுதுபவன் வேலாயுதப்பெருமாள், வயது எழுபத்தொன்று, நிலையத் தலைவன். உடன் இருப்பவர் ஒருவரே. ரெமிஜியுஸ் கோமஸ், இயந்திரப் பணியாளர், தூத்துக்குடிக்காரர்.

மனிதத் துணையின்றிக் கடல்நீர்த் தொட்டியைப் பராமரிக்க நிலையக் கணினிக்குக் கற்பிப்பதே எங்கள் பணி. தொட்டியில் ஒரு கிளாத்தி மீன் பிற மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் குதறிவருகிறது. ஆகவே கணினிக்கு விதிகள் வகுத்தேன். ஒன்று மற்றொன்றின் இடத்துக்குள் விரைந்து நுழைந்தால் அது துரத்தல். உடலிலோ இடையிலுள்ள தடுப்பிலோ மோதினால் தாக்குதல். முதலில் பாறைகளை இடம் மாற்றி அடுக்க வேண்டும். எவ்விடமும் எவருக்கும் சொந்தமில்லை என்றாகிவிடும். சண்டை தொடர்ந்தால், துரத்துவதை ஒரு வாரம் துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் அடைக்க வேண்டும். விடுவித்த பின்னும் துரத்தினால் வெளியேற்று அறை வழியே கடலில் விட்டுவிட வேண்டும்.

கிளாத்தி இன்று பெட்டியில் அடைக்கப்பட்டது. பிற மீன்கள் இரை எடுக்கின்றன.

6 பிப்ரவரி 2071, வெள்ளிக்கிழமை. மாலை 5.40

ரெமிஜியுஸ் மீண்டும் ஈரத் துண்டை என் நாற்காலியில் போட்டிருந்தார். பராமரிப்புத் தாளில் நாளும் மாதமும் மட்டும் எழுதி ஆண்டை விட்டுவிட்டார். அவருடைய மேசைக்கே சென்று இரண்டையும் எடுத்துரைத்தேன். அவர் மேலே உள்ள கப்பலுக்குப் புகார் செய்துவிட்டார். ஒலிப்பதிவு:

"ஜெசிந்தாக்கா, இந்தப் பெரியவரோட முடியலக்கா. தொட்டியில கெடக்கே கெளாத்தி, அது கூட ராத்திரி தூங்கும்."

கப்பல் அதிகாரி ஜெசிந்தாவின் விடை:

"சார், ரெண்டு பேருமே சின்னப் பிள்ளைங்க மாதிரி அடிச்சுக்கிறீங்க. கம்ப்யூட்டரை நடுவரா வெச்சுக்கோங்க. உங்க முறைதான் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கீங்களே."

மகிழ்வுடன் இசைந்தேன். எவர் குற்றவாளி என்பது இனி எண்ணிக்கையில் தெரிந்துவிடும். ரெமிஜியுஸ் பின்வாங்கக் கூடாதென்று ஒரு நிபந்தனையும் சேர்த்தேன்: சண்டையில் தரப்பாக உள்ள எவருடைய உத்தரவையும், கப்பலின் உத்தரவையும், இவ்விஷயத்தில் கணினி ஏற்க வேண்டாம்.

9 பிப்ரவரி 2071, திங்கட்கிழமை. காலை 6.00

விழித்தபோது என் கட்டில் சமையல் மேடை அருகே இருந்தது. என் நாற்காலி ரெமிஜியுஸின் பக்கம். அவருடைய மேசை என் பக்கம். இயந்திரக் கைகள் இரவில் அனைத்தையும் மாற்றி வைத்திருக்கின்றன.

நாற்காலியை மீட்கச் சென்றேன். பிறகு மூக்குக்கண்ணாடிக்காக. பிறகு, அவர் சிரித்தமைக்காக.

9 பிப்ரவரி 2071, அதே நாள். இரவு 8.15

கணினியின் அறிக்கை: "துரத்தல்: வேலாயுதப்பெருமாள் இருபத்தொன்று. ரெமிஜியுஸ் கோமஸ் சுழியம்." கணக்கீட்டில் பிழை என்று மறுப்புத் தெரிவித்தேன். தரப்பினர் என்பதால் ஏற்கப்படவில்லை.

10 பிப்ரவரி 2071, செவ்வாய்க்கிழமை. காலை 9.30

அழுத்த அறையில் மானியைப் பார்க்க நுழைந்தேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிச் சாளரம் ஒன்று. உணவுக்குச் சிறு திறப்பு ஒன்று. கைப்பலகையில் எழுதுகிறேன்.

கணினியை அணைக்க இயலாது. எங்கள் காற்று அதன் பொறுப்பில் உள்ளது. ஜெசிந்தாவின் செய்தி:

"சார், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது. உங்க நிபந்தனையைத்தான் திருப்பிக் காட்டுது. மேலே புயல். இருபதாம் தேதிக்கு முன்னால மீட்புக் கலத்தை இறக்க முடியாது. தயவுசெஞ்சு அமைதியா இருங்க."

பதினேழாம் தேதி என்னை விடுவிக்கும். அதன்பின் மூன்று நாள். ஒரு முறை துரத்தினால் வெளியேற்று அறை. மீனுக்குக் கடல் வாழிடம். எனக்கு?

14 பிப்ரவரி 2071, சனிக்கிழமை. பிற்பகல் 2.20

எதிரே தொட்டி தெரிகிறது. விடுவிக்கப்பட்ட கிளாத்தி ஒரு மூலையில் அசையாமல் நிற்கிறது. முன்பு இதனை வெற்றி என்று பதிவு செய்திருப்பேன்.

ரெமிஜியுஸ் திறப்பு வழியே மீன்குழம்பும் சோறும் தந்தார். ஒலிபெருக்கியில்:

"சார், குழம்புல உப்பு கூடிப்போச்சு. திட்டணும்னா இப்பவே திட்டிருங்க. உள்ளே இருந்து திட்டினா கணக்குல வராதாம், கேட்டுட்டேன்."

உப்பு சரியாகவே இருந்தது. அவ்வாறே சொன்னேன்.

17 பிப்ரவரி 2071, செவ்வாய்க்கிழமை. காலை 9.30

கதவு திறந்தது. நாற்காலியில் அமர்ந்தேன். எழவில்லை.

ரெமிஜியுஸ் தரையில் வெள்ளை நாடா ஒட்டி இரு பகுதியாகப் பிரித்திருக்கிறார். எனக்கு வேண்டியவற்றை அவரே எல்லைவரை கொணர்ந்து வைக்கிறார். "நீங்க ராஜா மாதிரி உக்காந்திருங்க சார். நான் வாறேன், நான் வந்தா அது எண்ணாது. நான் மெதுவா நடக்கிற ஆளு."

19 பிப்ரவரி 2071, வியாழக்கிழமை. காலை 11.05

நாளை மீட்புக் கலம் வரும். புயல் தணிந்தது என்று ஜெசிந்தா உறுதி கூறினார். தொட்டியின் நீரேற்றி நின்றுவிட்டது. ரெமிஜியுஸ் தம் பகுதியில் அதனைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். தரை ஈரமாக உள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டீரா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் துரத்தலாகப் பதிவாகுமோ என்று

அதே நாள். 11.31

கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

மின்சாரம் தாக்கி விழுந்தார். ஓடினேன். நாடாவைத் தாண்டினேன். மின்விசையை அணைத்தேன். மூச்சு இல்லை. மார்பில் இரு கைகளாலும் குத்தி அழுத்தினேன். கணினி மேலிருந்து எண்ணியது. "துரத்தல், ஒன்று. தாக்குதல், ஒன்று. தாக்குதல், இரண்டு." அதன் எண்ணிக்கைக்கே அழுத்தினேன், தாளம் தவறவில்லை. முப்பதுக்கு மேல் அவர் இருமினார்.

அப்போது இயந்திரக் கைகள் என் தோள்களைப் பற்றின; இன்னும் விடவில்லை. கழுத்தில் மாட்டிய கைப்பலகையில் எழுதுகிறேன்.

11.44

வெளியேற்று அறை. உள்கதவு மூடியாயிற்று. நீர் கணுக்காலுக்கு மேல். மிகவும் குளிர்.

கணினியிடம் விளக்கினேன். உதவி என்று ஒரு விதி நான் வகுக்கவில்லை. மீன்களிடம் அதனை நான் கண்டதில்லை.

ரெமிஜியுஸ் ஒலிபெருக்கியில்: "அவர் என்னைக் காப்பாத்தினாருடா, கேக்குதா? ஏ, கேக்குதா? சார், தாழ்ப்பாளை விடாதீங்க, நான் வாறேன்."

11.49

இடுப்பளவு. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் ரெமிஜியுஸ் நிற்கிறார், தம் காலிலேயே நிற்கிறார். இரும்புக் கம்பியால் கதவை இடிக்கிறார். கதவு நெளியாது. நாளை கலம் வரும்; அவர் அந்த மூலையில் சும்மா அமர்ந்திருந்தால் போதும். வேண்டாம் என்று கையசைக்கிறேன். அவர் பார்க்கவில்லை. ஓங்கி ஓங்கி இடிக்கிறார்.

கணினி: "ரெமிஜியுஸ் கோமஸ். தாக்குதல், ஒன்று."

உட்காருங்கள் ரெமிஜியுஸ்

"தாக்குதல், இரண்டு."

உட்காருங்கள்