நைனாவின் காதில் பெய்த மழை

மேனாம்பேடு, அம்பத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் திவ்யாவுக்கு, நைனா கோதண்டம் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழில் எழுதுவது. இங்கே மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று பொன்னியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை. தபால்காரர் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும், அதனால்தான் காகிதம். அம்மாவுக்கு சுகர் இறங்கியிருக்கிறது, முட்டிவலி இறங்கவில்லை. சமையலறைக்கு மட்டும் வெள்ளை அடித்தோம். ஏன் அடித்தோம் என்பதை எழில் எழுத வேண்டியதில்லை.

அக்கா, இனிமேல் எழுதுவது நான். மீதியை வந்து சொல்கிறேன் என்று நைனா முடி வெட்டப் போயிருக்கிறார், அம்மா மீன் வாங்கப் போயிருக்கிறாள். எனக்குப் போனில் பேச வராது என்று உனக்குத் தெரியும், எதிர்ப்பக்கம் அலோ என்றாலே நான் கொண்டுபோன பேச்சு மறந்துவிடும். எழுதினால் வருகிறது. அன்றைக்கு நீ நைனாவிடம் அபிஷேக்கைப் பற்றிச் சொல்லி, அவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன், நீ இன்னா சொல்ற நைனா என்று கேட்டதையும், அவர் “சரி சரி, அங்க மழையா” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்ததையும் நீ எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாய். நைனாவுக்குக் கல் மனசு, இனிமேல் அவரிடம் எதுவும் சொல்ல மாட்டேன் என்றும் இருந்தது. இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு குக்கர் வெடித்தது.

பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது, “இந்தாய்யா, நாலு விசில் வந்தா அடுப்ப நிறுத்து, டிவில பூந்துக்காத” என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் புஷ்பா அக்கா தையல்கடையில் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் பருப்பு மேல்கூரையில் இருக்கிறது, நைனா அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். விசிலே வரவில்லை, குக்கர் கெட்டுவிட்டது என்று சொன்னார். அதே நேரம் எதிர்வீட்டு நாகம்மாள் வாசலில் வந்து நின்று, “உங்க ஊட்ல வேவறது பருப்பா, ஜல்லியா? பதினேழு வரைக்கும் எண்ணிக்கினு இருந்தேன்” என்கிறாள். எனக்கு அதுதான் யோசனையாகிவிட்டது. நாகம்மாளும் பொய் சொல்லக்கூடியவள் இல்லை, நைனாவும் பொய் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்படியென்றால் அந்தப் பதினேழு விசில் எங்கே போயிற்று?

மறுநாளிலிருந்து நான் யாருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்த்தேன். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்னால் நின்று சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து டீ வேண்டுமா என்றேன், “அரை கிளாஸ் போதும்” என்றார். மண்ணூர்பேட்டையில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை செய்தவர் இல்லையா, அந்த இரைச்சலில் அங்கே எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் நம் வாயைப் பார்த்தே காலம் ஓட்டியிருக்கிறார். கண்ணெதிரே இருக்கும் ஆளுக்கு, இவருக்குக் கேட்கவில்லை என்பது தெரியவே தெரியாது. போனில் வாய் தெரியாதே அக்கா.

டிவியிலும் அப்படித்தான். ஒன்பது மணி சீரியல் ஓடும்போது ரிமோட்டில் சத்தத்தை முழுசாக நிறுத்தினேன். அரை மணி நேரமும் நைனா கண்ணெடுக்காமல் பார்த்தார். அம்மா வழக்கம்போலத் தூங்கி எழுந்து கதை கேட்டாள், அவரும் சொன்னார். மாமியார் மருமகளிடம் அழுது மன்னிப்புக் கேட்டாளாம், அந்தத் தாடி வக்கீல் சொன்னது மட்டும் சரியாகப் புரியவில்லையாம். நான் மறுபடி போனில் போட்டுக் கேட்டேன், மாமியார் மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிறாள். கண்ணீரைப் பார்த்து இவராகக் கதை கட்டியிருக்கிறார். எத்தனை நாளாகவோ அம்மா பார்த்துக்கொண்டிருப்பது நைனா கட்டின சீரியல். இப்போது உண்மையான கதையைச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, “உங்க நைனா கதைல அவ நல்லவ” என்கிறாள்.

போன வியாழக்கிழமை ஆவடியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். நைனா டக் டக்கென்று அழுத்துகிறார். வெளியே சோதனை செய்கிற பெண்ணின் விரல் அசைவதைப் பார்த்து அழுத்துகிறார் என்று எனக்குத்தான் தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள். அப்புறம் வெகுநேரம் அவர் கட்டைவிரல் பட்டன் மேலேயே காத்துக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட அழுத்தவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் கொஞ்சம்தான். கனமான சத்தம் கேட்குமாம், விசில், பெண்கள் குரல் எல்லாம் போய்விட்டதாம். காதுக்குள் ஏதாவது இரைச்சல் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். போனைக் காதில் வைத்தால் மழை கொட்டுகிற மாதிரி இருக்கும், “எதிர்ல பேசறவங்க மழைல கீறாங்கன்னு நெனச்சிக்குவேன்” என்றார்.

அதை உனக்குச் சொல்லத்தான் அக்கா இவ்வளவும் எழுதினேன். காதுக்கு மெஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், இவர் மாட்டேன் என்கிறார். அதைப் பார்த்தால் கூட வேலை செய்தவர்கள் செவிட்டு மாமே என்று கூப்பிடுவார்களாம். தினமும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போகிறார், எனக்கு அதுதான் பயம். நீ கோபித்துக்கொண்டிருக்கிறாய் என்பதே அவருக்குத் தெரியாது. உன் விஷயத்தை நான் யாரிடமும்

பாதியில் நின்றுவிட்டது. நைனா எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார், எனக்குத்தான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனாவைக் கேட்கிறார்.

திவ்யா, இது என் கையெழுத்து. அன்றைக்கு நான் சொன்ன சரி உனக்குச் சொன்னது இல்லை. யார் போன் செய்தாலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீ அவ்வளவு பெரிய விஷயத்தை முதலில் என்னிடம் சொல்லியிருக்கிறாய், இப்போது படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பையனைப் பார்க்காமல் சொல்லவும் மாட்டேன். அம்மாவிடம் நீயே சொல். மெஷினுக்கு நாளைக்கே அளவு கொடுக்கிறேன், ஆனால் அது வரும்வரை நீ காத்திருக்க வேண்டாம். அவனைக் கூட்டிக்கொண்டு வா. எதிரில் உட்கார்ந்து பேசினால் எனக்கு எல்லாம் கேட்கும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா, என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, அவனுக்கு மீசை பெரிசாக இருந்தால் வருவதற்கு முன்னால் கொஞ்சம் வெட்டிக்கொள்ளச் சொல். உதடு தெரிய வேண்டும்.

உன் நைனா,
மே. கோதண்டம்